மழிக்கக் கூடாத தலை

தலையை மழிக்க மாட்டேன் என்று முதலில் சொன்னவளே நியாமிசிதான். அவள் சொன்ன தைரியத்தில் பின்னால் நின்ற பதினோரு பெண்களும் ஆளுக்கொரு குரலில் மாட்டோம், மாட்டோம் என்றார்கள். தொப்பித் துரையின் முகம் வெயிலில் சிவந்ததா கோபத்தில் சிவந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மனிதர் முகம் எப்போதுமே அப்படித்தான்.

துரையும் அவர் ஆட்களும் படம் பிடிக்க வந்தவர்கள். பனியும் மழையும் இல்லாத மாதமாகப் பார்த்து, மூன்று லாரிகளில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு, தபோரா பட்டணத்திலிருந்து அறுபது மைல் காட்டுப்பாதையில் எங்கள் ஊர் உசெங்கேவுக்கு வந்து இறங்கினார்கள். உலகமே சண்டையில் எரிந்துகொண்டிருக்கும்போது இவர்களுக்குப் படம் என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, சண்டைக்காகத்தான் இந்தப் படம், லண்டனில் இருக்கிற ஜனங்கள் பார்த்துத் தெம்பு அடைவதற்காக என்று பதில் வந்தது. ஊரில் நாற்பது குடிசை இருந்தும் அவர்கள் பக்கத்திலேயே எட்டுக் குடிசை புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். இருக்கிற குடிசைகள் குடிசை மாதிரி இல்லையாம்.

துரைக்கும் ஊருக்கும் நடுவில் பேசியவன் சாலெஹே. கடற்கரைக்காரன், வெள்ளை அங்கி, வாய் நிறையச் சிரிப்பு. படத்தின் கதையைப் பெண்களுக்கு அவன்தான் சொன்னான்.

"ஒரு அம்மா. அவ புள்ளைக்குத் தூக்க நோய். வெள்ளைக்கார டாக்டர்கிட்ட போகாம மந்திரவாதிகிட்ட போறா. புள்ளை செத்துப்போவுது. அப்புறம் புத்தி வருது. அவ்வளவுதான்."

"அந்த டாக்டர் எங்க இருந்தாராம்?" என்று கேட்டாள் நியாமிசி.

"பக்கத்து ஊர்லதான்."

"எத்தனை மைலு?"

"படத்துல ஏது தங்கச்சி மைலு!"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நியாமிசி சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்குள் மாயுங்கா படுத்திருந்தான். ஆறு வயது. இருபது நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரி விழித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான். கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. கடிக்கிற ஈ எது, அது கடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். போன நிலவில் மிஷன் வாத்தியாரிடம் சொல்லிப் புருஷனுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே வரி எழுதச் சொன்னாள். பையனுக்குச் சுகமில்லை. தூங்கிக்கொண்டே இருக்கிறான்.

புருஷன் மிஹம்போ பர்மாவில் இருந்தான். தேனெடுக்கிறவன். மரப்பட்டையைச் சுருட்டி நீளக் கூடு செய்து காட்டுக்குள் உச்சிக்கிளையில் தொங்கவிட்டு வருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊருக்கு இருபது ஆள் வேண்டும் என்று சர்க்கார் கேட்டபோது, ஊர்த்தலைவர் எண்ணிக் கொடுத்த இருபதில் பதினேழாவது ஆள் அவன். முதலில் சிலோனுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. "இங்கே பெண்கள் தலையில் எண்ணெயைக் கொட்டிக்கொள்கிறார்கள். உன் தலை இப்போது எப்படி இருக்கிறது? நான் வந்து மழிக்க ஒரு கத்தி போதுமா, கோடாலி வேண்டுமா?" என்று எழுதியிருந்தான். வாத்தியார் அதைப் படித்துவிட்டு இருமினார்.

கேலிக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தூரப் பயணம் கிளம்பும்போது பெண்டாட்டியின் முன்னுச்சி முடியில் ஒரு நீலமணியைக் கட்டிவிட்டுப் போவான். அவன் திரும்பி வந்து, தன் கையால் மணியை அவிழ்த்து, தன் கையால் அவள் தலையை மழிக்கும்வரை அதில் கத்தி படக் கூடாது. போனவனின் வழி அந்த முடியில்தான் கட்டியிருக்கிறது என்பார்கள். இடையில் ஒருத்தி தலையை மழித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு. புருஷன் போயிருக்க வேண்டும், இல்லை பிள்ளை போயிருக்க வேண்டும். யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். தலையைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிடுவார்கள்.

நியாமிசி ஒருதரம் அப்படி மழித்தவள். முதல் பிள்ளை கபுலா, பெண் குழந்தை, இரண்டு வயதில் காய்ச்சலில் போனாள். அப்போது மிஹம்போ தேனெடுக்கக் காட்டுக்குள் நாலு நாள் நடைத் தொலைவில் இருந்தான். ஆள் அனுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் இரண்டு குடுவை நிறையத் தேனோடு பாடிக்கொண்டே வந்தவன், வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். பாட்டு பாதியில் நின்றது. யார், எப்போது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடுவையை இறக்கிவைத்துவிட்டு அவள் கையிலிருந்து கத்தியை வாங்கித் தன் தலையைத் தானே மழித்துக்கொண்டான். ரத்தம் கோடுகோடாக இறங்கியது. "இனிமே உன்னைத் தனியா மழிக்க விடமாட்டேன்" என்றான். அந்தத் தேனை யாரும் தொடவில்லை. எறும்பு தின்று தீர்த்தது.

அப்படிப்பட்ட தலையைத்தான் துரை கேட்டார்.

தப்பு துரையுடையது மட்டுமில்லை. பிள்ளை செத்தால் உங்கள் பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டதற்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் யாரோ சொல்லிவிட்டார்கள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. முதலில் ஆட்டு வயிற்றுச் சவ்வைப் பதப்படுத்தித் தொப்பி மாதிரி ஒருத்தி தலையில் ஒட்டிப் பார்த்தார்கள். வெயிலில் அது சுருங்கி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஊரே சிரித்தது. நிஜமாகவே மழிக்க வேண்டும், முகத்துக்கு அருகில் வைத்துப் பிடிக்க வேண்டும் என்று துரை ஒற்றைக்காலில் நின்றார். பன்னிரண்டு பெண்களின் புருஷன்மாரும் சண்டையில் இருந்தார்கள். எவள் சம்மதிப்பாள்?

மறுநாள் காலையில் மாயுங்கா கஞ்சியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனான். கஞ்சி கன்னத்தில் வழிந்தது. நியாமிசி அவன் பெயரைச் சொல்லி உலுக்கினாள், கிள்ளினாள், கடைசியில் அறைந்தாள். கண் திறந்தது. ஆனால் அது அவளைப் பார்க்கவில்லை.

அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே சாலெஹேவிடம் போனாள். படக்காரர்களோடு ஒரு நிஜ டாக்டரும் வந்திருந்தார், வெள்ளைக்காரர்களுக்கு வயிறு கெட்டால் பார்ப்பதற்காக.

"லாரி ஒண்ணு குடுங்க. எம் புள்ளைய தபோரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும். கொண்டுபோனா மழிச்சுக்கிறேன்னு துரைகிட்ட சொல்லுங்க."

சாலெஹே அவளையும் பார்த்தான், பிள்ளையையும் பார்த்தான். "நெசமாவா தங்கச்சி? அப்புறம் மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அவன் கூடாரத்துக்குள் போய் வந்தான். டாக்டர் பின்னாலேயே ஓடிவந்தார். பையனின் கழுத்தைத் தடவினார், இமையைத் தூக்கிப் பார்த்தார், அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி லாரியில் படுக்கவைத்தார். மழிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மாட்டேன் என்றிருந்தாலும் அவர் வாங்கியிருப்பார் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. அதைப் பேரமாக எடுத்துக்கொண்டது சாலெஹே ஒருவன்தானோ என்றும் தோன்றியது. ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. அவள் அதை அப்புறம் கிளறவில்லை.

பையனோடு லாரியில் ஏறிப் போனவள் கலெக்வா, மிஹம்போவின் அக்கா. பிள்ளை குட்டி இல்லாதவள், மாயுங்காவைத் தன் முதுகில் சுமந்தே வளர்த்தவள். நியாமிசி என்ன பேரம் பேசினாள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லாரிக்குக் குறுக்கே படுத்திருப்பாள்.

அதற்கு அடுத்த நாள் மழித்தார்கள். எட்டுப் பொய்க் குடிசைகளில் ஒன்றின் முன்னால் நியாமிசியைச் சாம்பலில் உட்காரவைத்தார்கள். அவளே நீலமணியை அவிழ்த்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். தரையில் விழக் கூடாது என்று. பக்கத்து வீட்டுக்காரி கத்தியை எடுத்தாள், கீழே வைத்தாள், துரை கத்தினார், அவள் அழுதுகொண்டே மழித்தாள். விழுந்த முடியையெல்லாம் நியாமிசி பொறுக்கி ஒரு துணியில் கட்டினாள். முடியும் மணியும் ஒன்றாக இருந்தால் வழி அறுந்ததாகாது என்று தானாகவே ஒரு சமாதானம். அப்படி எந்தச் சாத்திரமும் கிடையாது.

அடுத்தது பிள்ளை. செத்த பிள்ளைக்காகத் துணி மூட்டை ஒன்று கொண்டுவந்தார்கள். கனம் இல்லாததால் அவள் தூக்கும்போது தலையணை மாதிரி இருக்கிறது என்றார் துரை. யாரோ ஓடிப்போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து துணிக்குள் வைத்துச் சுற்றினார்கள். இப்போது சரியாக இருந்தது. நியாமிசி அதை மடியில் வாங்கிக்கொண்டாள். கபுலாவும் இவ்வளவு கனம்தான் இருந்தாள்.

"அழச் சொல்றாரு" என்றான் சாலெஹே.

அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். மூட்டையைச் சாம்பலில் இறக்கிவைத்துவிட்டு அதன்மேல் கவிழ்ந்து அவள் அழுத அழுகையில், நடிக்க வந்த பெண்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். துரை தொப்பியைக் கழற்றினார். அந்த ஒருதரம்தான் அவர் தலையை ஊர் பார்த்தது. முழு வழுக்கை.

வேலை முடிந்ததும் பூசணிக்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெண்கள் அதை வெட்டி, நிலக்கடலையை இடித்துப் போட்டு வேகவைத்து, உகாலிக் களியோடு தின்றார்கள். "அழுது முடிச்சு அந்தப் புள்ளையவே தின்னுட்டோமே!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நியாமிசியும் சிரித்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடாதவள் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

படக்காரர்களோடு வினி என்று ஒரு துரைசானி இருந்தாள். படப்பிடிப்பு நடக்கும்போதே அசையாத படம் எடுக்கிறவள். ஒல்லி, முகமெல்லாம் புள்ளி, யாரைப் பார்த்தாலும் தலையாட்டுவாள். அழுத அன்று சாயங்காலம் அவளே சாலெஹேவைக் கூட்டிக்கொண்டு நியாமிசியின் வீட்டுக்கு வந்தாள்.

"புருஷன் பர்மாவுல இருக்காராமே, அவருக்கு உன் போட்டோ அனுப்பவான்னு கேக்குறாங்க."

நியாமிசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளை யாரும் இதுவரை போட்டோ எடுத்ததில்லை. உள்ளே ஓடிப்போய் சிவப்புத் துணியை எடுத்துத் தலையை இறுக்கக் கட்டிக்கொண்டாள், ஒரு மயிர்க்கால் கூடத் தெரியாதபடி. மிஹம்போ செய்த தேன்கூடு ஒன்று வாசலில் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தாள். துரைசானி எடுத்தாள்.

"பின்னாடி எழுதச் சொல்லுங்கண்ணே. மாயுங்கா ஆஸ்பத்திரியில இருக்கான், பொழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்லிட்டார்னு."

துரைசானி தலையாட்டினாள். கப்பலில் போனால் மூன்று மாதமாகும், நான் சர்க்கார் உறையில் போட்டு ஆகாய விமானத்தில் அனுப்புகிறேன் என்றும் சொன்னாள். எவ்வளவு நல்ல மனது. நியாமிசி அவளுக்கு ஒரு கோழி கொடுத்தாள்.

ஐந்து வாரம் கழித்து, படக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில், லாரி மாயுங்காவைக் கொண்டுவந்தது. பையன் கம்பு மாதிரி இளைத்திருந்தான், ஆனால் விழித்திருந்தான். முதுகெலும்பில் ஊசி குத்தின கதையை லாரியிலிருந்தே கத்திச் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இறங்கிய கலெக்வா நியாமிசியின் தலையைப் பார்த்தாள். அவ்வளவுதான், கையிலிருந்த மூட்டை விழுந்தது. "என் தம்பி! ஐயோ என் தம்பி!" என்று மண்ணில் புரண்டுவிட்டாள்.

"அக்கா! அவருக்கு ஒண்ணுமில்ல அக்கா! எந்திரிங்க! படத்துக்காக மழிச்சேன்!"

சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. புரிந்ததும் கலெக்வா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். நெருங்கி வந்து நியாமிசியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"உன் தலைன்னு நெனச்சியாடி? அது எந்தம்பி வர்ற வழி. அதை வெட்டிப் படம் பாக்கக் குடுத்துட்டியே, பாவி!"

"புள்ளைக்காகத்தானே அக்கா செஞ்சேன்."

"புள்ளையக் காட்டி என் வாயை அடைக்காத!"

நியாமிசிக்கும் கோபம் வந்தது. முடிக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம், ஊசிதான் பிழைக்கவைத்தது, ஈதான் கொல்கிறது, அவ்வளவு பெரிய டாக்டரே சொன்னார் என்று பதிலுக்குப் பேசினாள். பேசும்போது அவளுக்கே பாதி நம்பிக்கைதான். மறுநாளே வாத்தியாரிடம் ஓடி, பையன் பிழைத்து வீடு வந்துவிட்டான் என்று ஒரு கடிதம் எழுதவைத்தாள். அது கப்பலில் போயிற்று.

பெருமழை நடுவில் ஊர்த்தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைவர் கையில் ஒரு தாள் இருந்தது. கூடவே நியாமிசி கப்பலில் அனுப்பிய கடிதமும் இருந்தது. பிரிக்கப்படவே இல்லை. மேலே சிவப்பு மையில் குறுக்கே என்னவோ எழுதியிருந்தது. தலைவர் தாளைப் படிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மாத முடி, விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அதையும் மழித்தாள். இந்தத் தரம் கலெக்வாவும் மாயுங்காவும் கூட மழித்தார்கள்.

கலெக்வா அன்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நான் சொன்னேன்." அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒரே பானையில் உண்டார்கள், ஒரே வயலில் களையெடுத்தார்கள், அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அந்த வாக்கியம் வீட்டுக்குள் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. சண்டையில் சாகிறவனை எவனோ ஒருத்தனின் குண்டு கொல்கிறது, என் முடியா கொன்றது என்று நியாமிசி தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வாள். ஊரிலிருந்து போன இருபதில் ஏழு பேர் திரும்பவில்லை. மற்ற ஆறு பேரின் பெண்டாட்டிகள் யாரும் சாவுச் செய்தி வருமுன் மழித்தவர்கள் இல்லையே. இந்தக் கணக்கு ஒன்றுதான் அவளைத் தூங்கவைத்தது.

சண்டை முடிந்து, அடுத்த வருஷம் தினை அறுக்கிற காலத்தில் ஜிலாலா வந்தான். மிஹம்போவோடு ஒரே பிளாட்டூனில் இருந்தவன், இரண்டு நாள் நடைத் தொலைவில் ஊர். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். தோளில் ஒரு தகரப்பெட்டி. வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான், நியாமிசியையும் கலெக்வாவையும் பார்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, ரெண்டு துக்கத்தையும் சேத்துக் கேக்க வந்திருக்கேன். முன்னயே வந்திருக்கணும். காலு விடல."

கலெக்வா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நியாமிசிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டா? எந்த ரெண்டு?"

ஜிலாலா சங்கடப்பட்டான். "அண்ணன் போனதும்… அதுக்கு முன்ன உங்க புள்ள போனதும்."

"கபுலாவா? அவ போயி எத்தனையோ வருசமாச்சே."

"இல்ல அண்ணி. பையன். மாயுங்கா."

சரியாக அந்த நேரத்தில் மாயுங்கா வந்தான். தேன்கூட்டில் கையை விட்டிருக்கிறான், உதடு வீங்கியிருந்தது, முழங்கைவரை தேன் ஒழுகியது. "அம்மா, மூணு இடத்துல கொட்டிருச்சு!" என்று பெருமையாகக் கையை நீட்டினான். ஜிலாலா அவனைப் பார்த்தான். அவன் நெற்றி, காது, நிற்கிற நிற்பு எல்லாம் அப்படியே அப்பன்.

"யாரு இது?" என்றான் ஜிலாலா.

"எம் புள்ள. மாயுங்கா."

ஜிலாலா எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பெட்டியைத் திறந்தான். எண்ணெய்த்துணி ஒன்றைப் பிரித்து உள்ளங்கை அளவு படம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான்.

சிவப்புத் துணி கட்டிய, பல் தெரியச் சிரிக்கிற நியாமிசி அதில் இல்லை. சாம்பலில் உட்கார்ந்து, மொட்டைத் தலையோடு, ஒரு சிறு துணிமூட்டைமேல் கவிழ்ந்து அழுகிற நியாமிசி இருந்தாள். சிரித்த படம் கெட்டுப்போயிற்றோ, இல்லை இதுதான் அழகாக இருக்கிறது என்று அந்தத் துரைசானிக்குத் தோன்றிற்றோ, கேட்க அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

"மழை நாள்ல வந்துச்சு, பெரிய ஆத்துக்கு இந்தாண்டை இருந்தோம்" என்றான் ஜிலாலா. "அதுக்குப் பத்து நாளு முன்னதான் உங்க கடுதாசி வந்திருந்துச்சு, பையன் தூங்கிக்கிட்டே இருக்கான்னு. அப்போலேருந்து அண்ணன் சரியாச் சாப்பிடல. இதைப் பிரிச்சுப் பாத்தாரு. கத்தி எடுத்துத் தலைய மழிச்சுக்கிட்டாரு. நாங்க புரிஞ்சுக்கிட்டோம். நம்மாளுங்க எல்லாரும் பக்கத்துல உக்காந்தோம்."

"பின்னாடி எழுதியிருந்துச்சே" என்றாள் நியாமிசி. படத்தைத் திருப்பினாள். எழுதித்தான் இருந்தது. வரிசையாக, மை மங்காமல், நாலு வரி.

"இங்கிலீசு அண்ணி. எங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆபீசர்கிட்ட குடுத்துப் படிச்சுக்கலாம்னேன். படத்துலயே எல்லாம் இருக்கே, இன்னும் என்ன படிக்கணும்னுட்டாரு. யார் கையிலயும் குடுக்கல. சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டாரு."

கலெக்வா நியாமிசியின் தோளுக்கு மேலாகக் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"எப்படிப் போனாரு?" என்று கேட்டாள் நியாமிசி.

ஜிலாலா தன் காலைப் பார்த்தான். "எனக்குக் கால்ல பட்டுச்சு. அண்ணனுக்குக் கையில. பின்னால அனுப்புறதுக்கு வண்டியில ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்துச்சு. அவரு பேருதான் முதல்ல இருந்துச்சு. நீ போடா, உம் புள்ளைங்க உசிரோட இருக்காங்கன்னு என்னைத் தூக்கி ஏத்திவிட்டாரு. அண்ணி ஒத்தையா இருப்பாங்களே, நீங்க போங்கண்ணேன்னு அழுதேன். அதுக்கு அவரு சொன்னாரு…" நியாமிசியைப் பார்த்தான்.

"சொல்லு."

"ரெண்டாந்தரமும் அவளைத் தனியா மழிக்க விட்டுட்டேன்டா, அவ மொகத்துல எப்படி முழிப்பேன்னாரு. மறுநாள் காலையில அந்த எடத்துல குண்டு விழுந்துச்சு. யாரும் மிஞ்சல. வண்டி கெளம்புறதுக்கு முன்னால இதை எங்கிட்ட குடுத்தாரு, பெட்டியில பத்திரமா வையின்னு."

நியாமிசி கலெக்வாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டட்டும், அறையட்டும், நான் சொன்னேன் என்று ஊர் கேட்கக் கத்தட்டும். அதற்குக் கன்னத்தைக் கொடுக்க அவள் தயாராக இருந்தாள், கொடுக்கவும் ஆசைப்பட்டாள். ஆறு வீட்டுக் கணக்கு இனி உதவாது. முடிதான் கொன்றது. தன் முடிதான்.

கலெக்வா நடுவில் இருந்த தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைத்தாள். கிட்டே வந்து உட்கார்ந்து, தன் மேல்துணியின் முனையை எடுத்து நியாமிசியின் தலையில் போட்டு மூடினாள். மூடிய கையை எடுக்கவில்லை. "புள்ளைக்காகத்தானேடி செஞ்ச" என்றாள் கடைசியில். ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னால் நியாமிசி சொன்ன அதே வார்த்தை. அதைக் கேட்டபிறகுதான் நியாமிசிக்கு அழுகை உடைந்தது. அன்றைக்குத் துரைக்காக அழுததுபோல் அது இல்லை. அதில் சத்தமே வரவில்லை.

மாயுங்காவுக்கு எதுவும் புரியவில்லை. பெரியவர்கள் மூன்று பேரும் இப்படி உட்கார்ந்திருந்தால் தேனை யாரிடம் காட்டுவது? தரையில் கிடந்த படத்தைத் தேன் கையாலேயே எடுத்தான். முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தான்.

"அம்மா, இது நீயா?"

"ஆமாம்டா."

"எதுக்கு அழுவுற? இந்தத் துணிக்குள்ள என்ன இருக்கு?"

நியாமிசி தலையிலிருந்த துணியை விலக்கி அவனைப் பார்த்தாள். அவன் உதட்டில் தேனீ கொட்டின இடம் இன்னும் வீங்கிக்கொண்டுதான் இருந்தது.

"பூசணிக்காய்டா" என்றாள்.